மண்டியக்காவுக்கு வராத செபம்

ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எழுதுவதும் அதை மைக்கில் வாசிப்பதும் எங்கள் பங்குக் கோயிலில் பத்தொன்பது வருடமாக என் வேலை. நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து ஐந்து மன்றாட்டு எழுதுவேன். திருச்சபைக்கு ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்கு ஒன்று, மழைக்கும் விளைச்சலுக்கும் ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. அடித்து அடித்துத் திருத்துவேன். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் எனக்குப் பிடிக்காது. பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர், "இன்னைக்கு மன்றாட்டு நல்லா இருந்துச்சிங்க டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாத ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் "எனக்காக வேண்டிக்குங்க டீச்சர்" என்று அத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அப்படிக் கேட்கவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. மண்டியக்கா வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கு வந்தவர். தனியாக ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். புருஷன் கர்நாடகாவில் வேலை என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். தக்காளி மண்டியில் பழத்தைத் தரம் பிரிக்கும் வேலை. விடிந்ததும் போய் செங்காய் தனி, பழம் தனி, அடிபட்டது தனி என்று பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. இருந்தாலும் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டபோது, "எழுதுங்க. பேரு மட்டும் யாருதும் போடாதீங்க" என்றார். போடவில்லை.

எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடி, வாசகம் படித்து, பாட்டுப் பாடி, செபம் சொல்லிக் கலைவோம். அவர் வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் ஒரு தாய் மடியில் அழுகிற குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். காது வலி. எல்லாரும் ஆளுக்கொரு செபம் சொன்னோம். நான் நோயுற்ற குழந்தைகள் அனைவருக்காகவும் அழகாக ஒன்று சொன்னேன். மண்டியக்காவின் முறை வந்தது. அவர் முதலில் அந்தத் தாயிடம், "எந்தக் காதும்மா?" என்று கேட்டார்.

"வலதுங்க."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "சாமி, இந்தப் புள்ளைக்கு வலது காது. நேத்துல இருந்து அழுவுது. அவங்கம்மா வேலைக்குப் போவல. சீக்கிரம் பாருங்க."

அவ்வளவுதான் செபம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். எந்தக் காதும் நான்கு நாளில் ஆறும். இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் நான்காம் நாள் மண்டி வேலை முடிந்து, கையில் காம்புக் கறையோடு அந்த வீட்டுக்குப் போய், காது எப்படி இருக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அவரிடம் போக ஆரம்பித்தார்கள். மகளுக்கு வரன் அமையாதவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், ஸ்கேனுக்குப் போகிறவர்கள். பூசை முடிந்து நான் வெளியே வரும்போது அவரைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். என்னைப் பார்த்து, "நல்லா இருந்துச்சிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மனதுக்குள் நான் அவரை 'அவள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை அவரைப் போலவே செய்து பார்த்தேன். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மாவுக்கு முட்டி வலி. கிட்டே போய், "எந்த முட்டிங்க வலிக்குது?" என்று கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தார். "ஏன் டீச்சர், இன்னைக்கு லேட்டா வந்துட்டேன்னு கேக்கறீங்களா?" என்றார்.

இதெல்லாம் சின்ன எரிச்சல்தான். பெரியது ஒரு மார்கழியில் வந்தது.

என் கணவர் விவசாயி. இரண்டு ஏக்கர் தக்காளி, வரப்போரம் மொச்சை. அந்த மார்கழி முழுக்க அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். குளிர் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மண்டியக்கா வந்து நின்றார்.

"டீச்சர், அண்ணனுக்கு அந்தக் கட்டி எப்படிங்க இருக்குது? ஊசி குத்தி எடுத்த எடம் வலிக்குதுங்களா?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எந்தக் கட்டி, யார் ஊசி குத்தினார்கள், எப்போது. ஆனால் எனக்குத் தெரியாது என்று அவர் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன்.

வீட்டில் என் கணவர் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். போய் நேராகக் கழுத்துத் துண்டை உருவினேன். இடது பக்கம், தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மேலே சின்னதாக ஒரு பிளாஸ்திரி. முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க."

"ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன். சொன்னா நீ சோறு திங்க மாட்ட."

"அவங்ககிட்ட மட்டும் சொல்லலாமா?"

அவர் கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "மண்டிக்குப் பெட்டி எறக்கப் போனேன். 'ஏன் அண்ணா, வெயில்ல கூட கழுத்த மூடிக்கிட்டு இருக்கறீங்க'ன்னு அந்தக்கா கேட்டுச்சி. வேற யாரும் கேக்கல. கேட்டாங்க, சொன்னேன்."

"வேண்டிக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன், நான் வேண்ட மாட்டேனா?"

"நீ நல்லாத்தான் வேண்டுவ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மைக்குல" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கிண்டல் பேசத் தெரியாதவர். உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது அப்படிக் குத்தியது. ஒரே பாயில் படுக்கிறவள் நான். துண்டை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெட்டி அடுக்குகிற ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை. என் கணவர் ஒரு பை நிறைய மொச்சைக்காயைக் கொண்டுபோய் மண்டியக்காவுக்குக் கொடுத்தார். பறித்துப் பையில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். கணவர் உயிருக்கு ஆபத்தில்லை என்ற சந்தோஷத்தைக்கூட என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரோ வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அந்த வருடம் பங்குத் திருவிழாவுக்கு ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது. பங்குத்தந்தை புதியவர், இளையவர். "இந்த வருஷம் மன்றாட்ட ஒருத்தரே வாசிக்காம அன்பியத்துக்கு ஒருத்தரா வாசிக்கலாம். மண்டியக்கா ஒண்ணு வாசிக்கட்டுமே" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது. "அவங்களுக்குப் படிக்க வராது ஃபாதர்."

மண்டியக்கா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பங்குத்தந்தை முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டியக்காவே, "டீச்சர் சொல்றது சரிங்க ஃபாதர். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் முடிக்கறதுக்குள்ள தேர் கெளம்பிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

திருவிழாப் பூசையில் ஐந்து மன்றாட்டையும் நானே வாசித்தேன். யார் யார் வந்து பாராட்டினார்கள் என்பது நினைவில்லை. மண்டியக்கா நாலாவது தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மன்றாட்டுக்கும் எல்லாரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னார். அது மட்டும் நினைவிருக்கிறது.

தவக்காலம் வந்தது. ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். மண்டியக்கா பள்ளிக்கூட வாசலில் நின்றார். மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சை வாடை. திருவிழாக் கூட்டத்தில் நான் பேசியதற்குத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பதிலையும் தயார் செய்துகொண்டேன். மூன்றாம் வகுப்பறை காலியாக இருந்தது. பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒருத்தருக்காக நீங்க வேண்டணும்."

"நானா?"

"நீங்கதான். எனக்கு வரல."

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அதற்குப் பிறகு தங்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் புருஷன் கட்டட வேலைக்குக் கர்நாடகாவில் ஆனேக்கல் பக்கம் போனார். அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். ஏழு வருடமாகப் போன்கூட இல்லை. போன வாரம் போன் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நான்கு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு நீலமாகிவிடுகிறது. பெங்களூரில் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள்.

"மண்டிக்கு வர்ற லாரிக்காரரு யாரோ அங்க போயி சொல்லியிருக்காரு, உம் பொஞ்சாதி வேண்டுனா நடக்குதாம்னு. அவரு கேக்கறாரு டீச்சர், 'ஊருக்கெல்லாம் வேண்டறியே, எங் கொழந்தைக்கும் வேண்டு'ன்னு. எங் கொழந்தைன்னு சொன்னாரு."

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"முட்டி போட்டுப் பாத்தேன். கோயில்ல போட்டேன், வூட்டுல போட்டேன். வாயே தொறக்க மாட்டேங்குது. எனக்குத் தங்காதது அவளுக்கு எதுக்குத் தங்கணும்னு வருது. ஒரு நாளு..." நிறுத்திவிட்டு நகத்திலிருந்த கறையைச் சுரண்டினார். "ஒரு நாளு, போவட்டும்னே நெனச்சிட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது ஒரு குளிர்ச்சி. ஊரே யாரிடம் போய் நிற்கிறதோ அவர் என்னைவிட மோசமான ஒன்றை நினைத்திருக்கிறார். அந்த நிம்மதி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். கறையே இல்லாத நகத்தையும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏங்க வந்தீங்க? எத்தன பேரு இருக்காங்க உங்களுக்கு."

"அவங்கல்லாம் என்னை நல்லவன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க டீச்சர். அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க அப்படி நெனைக்கல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

"அப்பறம், நீங்க மைக்குல வேண்டறப்ப மொகமே தெரியாதவங்களுக்கெல்லாம் வேண்டறீங்க. எங்கயோ போர்ல சாவறவங்க, கடல்ல போறவங்க. எனக்கு அது வராதுங்க. எனக்கு மொகம் தெரியணும். இதுல மொகம் பாக்காமலே, அவ யாருன்னு தெரிஞ்சதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சி. உங்களுக்கு அவ யாரோ. நீங்க வேண்டலாம்."

அதுவரை என் மன்றாட்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நல்லா இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அது எதற்காவது உதவும் என்று சொன்னவர் அவர்தான். சரி என்றேன். வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதற்கும் சரி என்றேன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். மாடத்து விளக்கை ஏற்றி, மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு, பழக்கப்படி வாக்கியம் கட்டினேன். இருதய நோயால் துன்புறும் அந்தப் பச்சிளம் குழந்தைக்காகவும் அதன் பெற்றோருக்காகவும் என்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அது யாருக்கும் போய்ச் சேராத கடிதம் மாதிரி இருந்தது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் மண்டியக்காவுக்குப் போன் செய்தேன்.

"கொழந்த பேரு என்னங்க?"

"கேக்கலைங்களே."

"கேட்டுச் சொல்லுங்க. பேரு இல்லாம எனக்கு ஓடல. அவங்கம்மா பேரும் வேணும்."

"நானா கேக்கணும்?" என்றார்.

"நான் கேக்க முடியுங்களா?"

கேட்டுச் சொன்னார். பெயர் கிடைத்ததும் மற்றவையும் வேண்டியிருந்தது. பால் குடிக்கிறதா, எத்தனை முறை, எடை எவ்வளவு, எந்தக் கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் நான் அவரிடம் கேட்க, அவர் அங்கே போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார். ஒரு நாள் மாலை போன் செய்தபோது அவர் குரல் கரகரத்திருந்தது.

"இன்னைக்கு அவரு எடுக்கல டீச்சர். அவ எடுத்துட்டா."

"பேசுனீங்களா?"

"நான் என்னா பேசறது. அவதான் அழுதா. கன்னடத்துலயே அழுதா, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. ஊசி குத்த எடமே இல்லையாம், காலெல்லாம் வீங்கிப்போச்சாம். நான் ஊம், ஊம்னுக்கிட்டு இருந்தேன். வைக்கவும் முடியல."

"அப்பறம்?"

"சோறு தின்னியான்னு கேட்டேன். இல்லன்னா. தின்னுன்னேன். வச்சிட்டேன்."

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்கு உள்ளே எடுத்துப் போவார்கள் என்று சொல்லியிருந்தார். நான் விடுப்பு எடுக்கவில்லை, காரணம் என்னவென்று எழுதுவது? பிள்ளைகளை ஏழாம் வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். கையில் சுண்ணக்கட்டி இருந்தது. குழந்தையின் பெயரைச் சொன்னேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வாக்கியமும் வரவில்லை. பத்தொன்பது வருடம் எழுதியவளுக்கு அன்றைக்கு 'காப்பாத்துங்க' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதையே ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை, "டீச்சர், எழுதிட்டேன்" என்றது. எட்டை எழுது என்றேன். பிறகு ஒன்பதை எழுது என்றேன்.

நான்கு மணிக்குப் போன் வந்தது. வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், இன்னும் கண் திறக்கவில்லை. மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மண்டியக்கா மண்டியிலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஏலம் கூவுகிற சத்தம்.

"டீச்சர், பாலு குடிச்சிதாம். கண்ணு தொறந்துச்சாம்."

நான் பஸ் நிறுத்தத்திலேயே அழுதேன். எனக்கு யாரென்றே தெரியாத ஒரு குழந்தை. என் சொந்தப் பிள்ளைகள் பரீட்சையில் தேறியபோதுகூட நான் அப்படி அழுததில்லை. அந்த அழுகைக்குச் சரியாக ஒரு நாள்தான் ஆயுள். வெள்ளிக்கிழமை வந்ததும், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவரிடம், "ஒரு சேதி" என்று தொடங்கிவிட்டேன். "என்னா?" என்றார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லை என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் வேண்டி ஒன்று நடந்ததென்றால் அது இது ஒன்றுதான். அதையும் வெளியே சொல்ல வழியில்லை. அந்த ஞாயிறு கோயில் வாசலில், மகளுக்கு நிச்சயமானதற்கு ஒருவர் மண்டியக்காவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். முன்பு எரிந்த அதே இடத்தில் எரிந்தது.

மண்டியக்காவிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "திருவிழாக் கூட்டத்துல நான் சொன்னது தப்புங்க."

"எதுங்க?" என்றார்.

நடித்தாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று இன்றுவரை தெரியாது. மறந்திருந்தால், அப்படி மறக்க முடிகிறதே என்பதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அவர்கள் குழந்தையோடு ஓசூர் வரை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் மண்டியக்காவைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். "தனியாப் போவ மாட்டேன், நீங்களும் வாங்க" என்று என்னிடம் கேட்டார். ஒரு சனிக்கிழமை, ராயக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம். மண்டியக்கா குழந்தைக்கு ஒரு ஃபிராக் வாங்கிப் பையில் வைத்திருந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் காத்திருந்தார்கள். புருஷன்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, டீ சொல்கிறேன் என்று கல்லாப் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. அந்தப் பெண் சின்ன வயது. மெலிந்து, கண் உள்ளே போய், நகை எதுவும் இல்லாமல் தாலிக்கயிறு மட்டும் போட்டிருந்தாள். குழந்தையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் மண்டியக்காவின் காலில் விழுந்தாள்.

"அக்கா, நிம்மிந்தலே. நிம்மிந்தலே அக்கா."

உங்களால்தான் என்கிறாள் என்பது எனக்கும் புரிந்தது.

மண்டியக்கா அவளைத் தூக்கினார். "இல்லம்மா. அது நானு இல்ல..." என்று ஆரம்பித்து என் பக்கம் திரும்பினார். சொல்லப் போகிறார். ஒரு நிமிடம் என் மனசு முழுக்க, சொல்லட்டும், சொல்லட்டும் என்றுதான் இருந்தது. அந்தப் பெண் மண்டியக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றி சொல்ல மட்டும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான் இல்லை. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மண்டியக்கா அதற்கு மேல் சொல்லவில்லை.

குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். சட்டைக் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. மண்டியக்கா விறைப்பாகப் பிடித்திருந்தார். பழகாத கை. குழந்தை அவர் சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்தது. அவர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பத்திரமாக அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபிராக்கையும் கொடுத்தார். என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. கூட வந்த டீச்சர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எனக்கு வணக்கம் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கலாம். ஒரு தடவை தூக்கிப் பார்க்கவாவது கேட்டிருக்கலாம். ராயக்கோட்டை தாண்டியதும் மண்டியக்கா கேட்டார்.

"டீச்சர், நான் சொல்லியிருக்கணும் இல்ல?"

"வேணாங்க. சரியாத்தான் இருந்துச்சி."

"உங்களுக்கு ஆசயா இருந்துச்சிதான?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். "இருந்துச்சிங்க. இப்பவும் இருக்குது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "அவ கழுத்துல தாலியப் பாத்தேன். கொழந்தையக் கையில வச்சிக்கிட்டே எனக்கு எரிஞ்சுது டீச்சர். அந்தப் பச்ச மண்ணு என் சேலையப் புடிச்சி இழுக்குது, எனக்கு எரியுது" என்றார். அழவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். இரண்டு பேரும் பாலக்கோடு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். எரிச்சலை மறைக்க வேண்டியிராத ஒருவர் பக்கத்தில் இருப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்றும் பூசை முடிந்தால் நான்கு பேர் அவரைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். எனக்கு இன்றும் கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் வேண்டாமல் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. குழந்தை இப்போது நடக்கிறது. படங்கள் மண்டியக்காவின் போனுக்கு வரும், அவர் எனக்கு அனுப்புவார். படத்தில் தாய் இருந்தால் அவளையும் சேர்த்தே அனுப்புவார்.

போன வாரம் கூப்பிட்டார். "கொழந்தைக்குக் காய்ச்சலாம் டீச்சர். பாத்து வேண்டுங்க."

"இப்ப நீங்களே வேண்டலாம் இல்லீங்களா?"

"வேண்டிட்டேன். கொழந்தைக்கு வருது. அவ பேரு வர்ற எடத்துலதான் இன்னும் நின்னு போவுது. அந்த எடத்த மட்டும் நீங்க பாத்துக்குங்க."

சரிங்க என்றேன்.